மொட்டைக்காரியின் முந்நூறு செடிகள்

எங்கள் மேலாளர் காப்பி குடிக்க மாட்டார். குடித்தால் நெஞ்செரியுமாம். சிறு காப்பி விவசாயிகளின் வாழ்வை உயர்த்தும் திட்டத்துக்கு இரண்டு கட்டத்திலும் தலைவராக இருந்தவர் ஒரு வாய் காப்பி குடித்து நான் பார்த்ததில்லை. வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடிப்பார். அந்த இரண்டு கட்டத்திலும் அவருக்கு வண்டி ஓட்டியவன் நான். அவரைப் பற்றிப் பேசும்போது என் வாயில் மரியாதை கொஞ்சம் குறைந்தால், அது கொழுப்பினால் அல்ல, பழக்கத்தினால்.

ஆனால் நான் சொல்ல வந்தது அவரைப் பற்றி இல்லை. ஊரே மொட்டைக்காரி என்று கூப்பிட்ட ஒரு பெண்ணைப் பற்றி. மேலாளர் நடுவில் வந்து நிற்பதைத் தவிர்க்க முடியாது. போட்டோ எடுக்கும்போதும் அவர் அப்படித்தான்.

மலைச்சாலை திரும்பும் இடத்தில் அவளுடைய தோட்டம். ஒரு ஏக்கர், தொள்ளாயிரம் காப்பிச் செடி. தோட்டத்தின் மேல்கோடியில் இரண்டு அறை வீடு, தகரக் கூரை. சமையல்கட்டு ஜன்னலைத் திறந்தால் செடிதான் முகத்தில் இடிக்கும். புருஷன் கீழே டவுனில் பஸ் பணிமனையில் டயர் மாற்றுகிறவர். வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கு வருவார், வந்தால் தூங்குவார். நல்ல மனிதர் என்று எல்லாரும் சொல்வார்கள். எதற்கும் வாய் திறக்காதவரை அப்படித்தான் சொல்வார்கள். செடி, அறுவடை, விற்பனை எல்லாம் அவள் தலையில். அவளுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. ஒல்லி. பேசினால் எதிரில் இருப்பவர் ஒரு அடி பின்னால் நகர்வார்.

செடிகளுக்கும் அவள் வயதுதான், சில அவளைவிட மூத்தவை. வயதான காப்பிச் செடியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கீழே வெறும் கட்டை, பாசி படிந்திருக்கும். மேலே ஆள் உயரத்துக்கும் மேல் நாலு கிளை, அதில் நாலு இலை, நாலு பழம். பறிப்பதற்குச் செடியை வளைக்க வேண்டும், வளைத்தால் ஒடியும். அந்த மலையில் எல்லாத் தோட்டமும் அந்த லட்சணம்தான். எல்லாரும் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். பெருமூச்சு விடுவதில் எங்கள் ஆட்களை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

அவள் மட்டும் ஒன்றைக் கவனித்திருந்தாள். ஐந்து வருடம் முன்னால், நிழலுக்கு நின்ற ஒரு பெரிய மரம் காற்றில் சாய்ந்து நாலு காப்பிச் செடியை முழங்கால் உயரத்துக்கு முறித்துப் போட்டது. போனது போகட்டும் என்று விட்டுவிட்டாள். மூன்று மாதத்தில் அந்தக் கட்டைகளிலிருந்து துளிர் வந்தது. மூன்றாம் வருடம் அந்த நாலு செடியிலும் பழம் காய்த்ததைப் பார்த்து அவளே ஒரு கூடையைத் தனியாக வைத்துப் பறித்து எடை போட்டாள். பக்கத்தில் நின்ற பத்துச் செடி கொடுத்ததை அந்த நாலு கொடுத்தன. எல்லாவற்றையும் இப்படி வெட்டிவிட்டால் என்ன என்று புருஷனிடம் கேட்டாள்.

"ரெண்டு வருஷம் காய்க்காதே" என்றார் அவர்.

"இப்ப மட்டும் காய்க்குதா?"

அவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

இந்த நேரத்தில்தான் எங்கள் திட்டம் வந்து சேர்ந்தது. இதற்கு முன்னாலும் திட்டங்கள் வந்திருக்கின்றன. ஒன்று வந்து நிழல் மரத்தையெல்லாம் வெட்டச் சொன்னது. அடுத்தது வந்து, அடடா மரத்தையெல்லாம் யார் வெட்டினது என்று கேட்டுக் கன்று கொடுத்தது. எங்களுடையது பழைய செடியை வெட்டிப் புதுப்பிக்கும் திட்டம். யோசனை நல்ல யோசனை, அதில் நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல யோசனை யார் கையில் வந்து மாட்டிக்கொள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது.

விவசாயிகள் சங்கத்தின் கூடத்தில் பயிற்சி நடக்கும். மேலாளர் சுவரில் படம் காட்டுவார், சிவப்பு விளக்குப் புள்ளியை வைத்து வட்டம் போடுவார். மண்ணை மிதித்தால் ஷூவுக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொள்வார். முடிவில் வந்தவர்களுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட், ஒரு கையெழுத்து. பிஸ்கட் வாங்கியவன் பயிற்சி பெற்றவன். ஒருவன் தன் மாமியார் பெயரிலும் கையெழுத்துப் போட்டு இரண்டு பாக்கெட் வாங்கிப் போனான். அந்த மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்தபடியே பயிற்சி பெற்றார்.

எட்டு மாதம் இப்படிப் போன பிறகு, ஒரு செடியாவது வெட்டிக் காட்ட வேண்டும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மேலாளர் கூட்டம் போட்டு, முன்மாதிரித் தோட்டத்துக்கு யார் முன்வருகிறீர்கள் என்று கேட்டார். ஒருவரும் நிமிரவில்லை. ஐம்பது பேர் தங்கள் கால் விரலை அவ்வளவு அக்கறையாகப் பார்த்ததை நான் அன்றுதான் கண்டேன்.

சங்கச் செயலாளர் எழுந்தார். மொட்டைக்காரியின் கொழுந்தன் அவர், புருஷனின் தம்பி. சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பார், ஒன்றும் எழுதாது.

"எங்க அண்ணி தோட்டம் ரோட்டோரமா இருக்கு சார். வர்றவங்களுக்குப் பார்க்க வசதியா இருக்கும்" என்றார். வெட்டிக் கெட்டுப் போனால் அண்ணிதானே, தான் இல்லையே. கூடத்தில் பலருக்கு நிம்மதி. சிலர் சிரித்தார்கள்.

அவள் கடைசி வரிசையிலிருந்து எழுந்தாள். "வெட்டறேன். ரெண்டு வருஷத்துக்கு நாங்க என்ன சாப்பிடறது? அதைச் சொல்லுங்க."

"திட்டம் உங்களைக் கைவிடாதும்மா. இடையில போட பீன்ஸ் விதை தருவோம், உரம் தருவோம், மாசாமாசம் ஒரு உதவித்தொகையும் இருக்கு."

"எழுதித் தருவீங்களா?"

மேலாளர் புன்னகை செய்தார். அந்தப் புன்னகையை அவர் வண்டியில் ஏறும்போதே போட்டுக்கொண்டு வருவார். "நம்பிக்கைதாம்மா எல்லாம்."

அந்த ஆளை அவள் நம்பவில்லை என்பது வாசலில் நின்ற எனக்கே தெரிந்தது. அவள் நம்பியது அந்த நாலு செடியை. "மூணுல ஒரு பங்குதான் வெட்டுவேன். முந்நூறு செடி" என்றாள். மேலாளருக்கு மூன்றும் ஒன்றுதான், முந்நூறும் ஒன்றுதான். தலையாட்டினார்.

அறுவடை முடிந்து, மழை தொடங்குமுன் வெட்டினார்கள். முதல் செடியை மேலாளர் வெட்டுவதாக ஏற்பாடு. புது வாளைப் பிடித்து நாலு இழு இழுத்தார், வாள் பாதியில் சிக்கிக்கொண்டது. போட்டோ எடுத்து முடிந்ததும் வாளை அப்படியே விட்டுவிட்டு நகர்ந்தார். மீதியை நான் அறுத்தேன். பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "நேரா வெட்டாதீங்கண்ணே. சரிவா வெட்டுங்க. தண்ணி தேங்கினா கட்டை அழுகிடும்." இதை அவள் எந்தப் படத்திலும் பார்க்கவில்லை. மரம் விழுந்து முறிந்த செடியில் கற்றுக்கொண்டது.

எட்டு நாள் தனியாளாக வெட்டினாள். ஒவ்வொரு வெட்டிலும் சுண்ணாம்பும் மயில்துத்தமும் குழைத்த நீலப் பசையைத் தடவினாள். எட்டாம் நாள் சாலையிலிருந்து பார்த்தால், தோட்டத்தின் முன்பக்கம் முழுக்க முழங்கால் உயரத்தில் நீலத் தலையோடு கட்டைகள். பஸ்ஸில் போகிறவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். கொழுந்தன் சங்க வாசலில் நின்று சொன்னார்: "எங்க அண்ணி தோட்டத்துக்கே மொட்டை போட்டுட்டாங்க." அன்று மாலைக்குள் அவள் மொட்டைக்காரி ஆகிவிட்டாள். ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூட அந்தப் பெயர் தெரிந்திருந்தது.

அடுத்த மாதம் திட்டத்தின் முதல் கட்டம் முடிந்தது.

முடிந்தது என்றால், எங்கள் அலுவலகத்தில் மேசை நாற்காலியை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் மூன்று மைல் நடந்து வந்து வாசலில் நின்றாள். மேலாளர் சுவரிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"உரம் வரலை. உதவித்தொகை வரலை. ஒரு பொட்டலம் விதை வந்துச்சு, போட்டேன், முளைக்கலை. பொட்டலத்துல தேதி போன வருஷத்தது."

"எல்லாம் அடுத்த கட்டத்துல வரும்மா."

"அடுத்த கட்டம் எப்ப?"

"மேல இருந்து முடிவு பண்ணணும்."

"வெட்டுறப்ப மட்டும் கீழ இருந்தே முடிவு பண்ணினீங்களே."

மேலாளர் கடிகாரத்தின் மேல் பழைய செய்தித்தாளைச் சுற்றினார். அவள் திரும்பி நடந்தாள். நான் வண்டியில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்கலாம் என்று நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான்.

என்னையும் நிறுத்திவிட்டார்கள். காய்கறி லாரியில் வேலை கிடைத்தது. அதனால்தான் அந்த இரண்டு வருடமும் அவளை வாரம் இரண்டு முறை பார்க்க முடிந்தது. நல்ல விதை எங்கேயோ கேட்டு வாங்கி, கட்டைகளுக்கு நடுவே பீன்ஸ் போட்டிருந்தாள். சாலை திருப்பத்தில் கூடைகளை வைத்துக்கொண்டு நிற்பாள், நான் ஏற்றிக்கொண்டு போவேன். விற்றது போக மிஞ்சியது வீட்டில். புருஷன் வாரத்துக்கு ஒரு நாள் வருகிறவர், அந்த ஒரு நாளும் பீன்ஸ், திரும்பும்போது கட்டிக் கொடுக்கும் டப்பாவிலும் பீன்ஸ். ஒரு தடவை அவர் என்னிடம் மெல்லச் சொன்னார், பணிமனையில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே பயமாக இருக்கிறது என்று. அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே புகார் அதுதான்.

பாக்கி அறுநூறு செடி கொடுத்தது அரை வயிற்றுக்கு. அறுவடைக் காலத்தில் அவள் சங்கத்தின் கொட்டகையில் பழம் தோலுரிக்கும் மிஷினில் கூலிக்கு நின்றாள். மற்றவர்கள் கொண்டுவரும் பழத்தைக் கொட்டிக் கொட்டி அவளுக்கு அவர்களுடைய லட்சணமெல்லாம் தெரிந்துபோனது. யார் பச்சைக் காயையும் சேர்த்து உருவிக்கொண்டு வருகிறார்கள், யார் நேற்றுப் பறித்ததை இன்று கொண்டுவருகிறார்கள், யார் எடைக்காகச் சாக்கை நனைக்கிறார்கள். கடைசி வகையில் கொழுந்தன் முதலிடம். "அண்ணி, மொட்டையில முடி வளருதா?" என்று கேட்டுக்கொண்டே அவர் நனைந்த சாக்கை இறக்குவார். பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். தினமும் ஒரே வேடிக்கை, தினமும் அதே சிரிப்பு. அந்த ஊரில் நகைச்சுவைக்கு அவ்வளவு பஞ்சம்.

முடி வளர்ந்தது. ஒவ்வொரு கட்டையிலும் பதினைந்து இருபது துளிர். திட்டத்தின் துண்டுப் பிரசுரம் ஐந்தை விடச் சொன்னது. அவள் அந்த நாலு செடியை மறுபடி போய்ப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் மரமாக நின்ற துளிர் இரண்டோ மூன்றோதான், மற்றவை ஒன்றோடொன்று முட்டி மெலிந்து போயிருந்தன. பிரசுரத்தை அடுப்புப் பற்றவைக்க வைத்துக்கொண்டாள். துளிரில் தடித்ததாக, எதிரெதிர்ப் பக்கமாக இரண்டோ மூன்றோ மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளி எறிந்தாள்.

மூன்றாம் வருடம் அந்த முந்நூறு செடியும் இடுப்பிலிருந்து உச்சிவரை பழுத்தன. இலை தெரியாத பழம் என்று சொல்வார்கள், நான் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். பறிப்பதற்கு வளைக்க வேண்டியதில்லை, நின்றபடி பறிக்கலாம். சிவந்ததை மட்டும் பறித்தாள், பத்து நாள் கழித்து மறுபடி சிவந்ததை மட்டும். அப்படி நாலு முறை. முந்நூறு செடி மற்ற அறுநூறைவிட அதிகம் கொடுத்தது. டவுனிலிருந்து வந்த காப்பி வியாபாரி அவளுடைய கொட்டையை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, அதைத் தனிச் சாக்கில் கட்டச் சொன்னார். தனி விலையும் கொடுத்தார். அடுத்த முந்நூறையும் அவள் அந்த வருடமே வெட்டினாள்.

அப்புறம் ஊர் அவள் வீட்டு வாசலுக்கு வந்தது. நேராக வரவில்லை. தீப்பெட்டி கேட்டு வந்தார்கள், கோழி இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்டு வந்தார்கள். வந்தவர்கள் போகும்போது, "அது எப்படி, எந்த உயரத்துல வெட்டணும்?" என்றார்கள்.

"மூணு வருஷமா ரோட்டுல நின்னு பார்த்தீங்களே, உயரம் தெரியலையா?" என்பாள். ஆனாலும் போனாள். நிபந்தனை மூன்று. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது, முதலில் இடையில் பீன்ஸ் போட வேண்டும், அவள் ஒரு நாள் வந்து வெட்டிக் கொடுத்தால் அவர்கள் ஒரு நாள் அவள் தோட்டத்தில் வேலை செய்ய வேண்டும். அப்படிப் பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் அவளுக்குத் தலைக்கனம் என்றார்கள். இருந்தது. நியாயமாகச் சம்பாதித்த தலைக்கனம்.

அந்தச் சமயத்தில் திட்டத்தின் இரண்டாம் கட்டம் வந்தது. அதே மேலாளர், பெரிய பதவி, பெரிய வண்டி. என்னையும் திரும்பக் கூப்பிட்டார்கள், நானும் போனேன். சம்பளம் லாரியைவிட அதிகம். வேறு காரணம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த முறை அவரிடம் ஒரு வரைபடம் இருந்தது. மலை முழுவதும் பச்சைப் புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் வெட்டிப் புதுப்பித்த தோட்டம். எண்ணூற்று நாற்பது புள்ளி. பிஸ்கட் கையெழுத்துகள்தான் புள்ளிகளாக மாறியிருந்தன. அந்தப் படுத்த படுக்கை மாமியாருக்கும் ஒரு புள்ளி இருந்திருக்கும்.

பணம் கொடுக்கும் நாட்டிலிருந்து ஆறு பேர் பார்க்க வந்தார்கள். எங்கே கூட்டிப் போவது? வெட்டிக் காய்த்ததைக் காட்டுவதற்கு மலையில் இருந்த ஒரே தோட்டத்துக்கு. மொட்டைக்காரி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். மேலாளர் அவள் தோளில் கை வைக்கப் போனார், அவள் பார்த்த பார்வையில் கை தானாக இறங்கியது.

"சொல்லும்மா, திட்டத்தால என்ன நன்மை கிடைச்சுதுன்னு. சுருக்கமா" என்றார்.

"சுருக்கமாவே சொல்றேன். இந்தச் செடியை வெட்டச் சொன்னாங்க, வெட்டினேன். ரெண்டு வருஷம் உதவி பண்றோம்னாங்க. ஒரு பொட்டலம் விதை வந்துச்சு, அதுவும் செத்த விதை. அப்புறம் ஆபீஸையே பூட்டிட்டுப் போயிட்டாங்க. வெட்டினது சரிதான். வெட்டச் சொன்னவங்கதான் சரியில்லை. இனிமே யாரையாவது வெட்டச் சொன்னா, முதல்ல அவங்க ரெண்டு வருஷச் சோத்துக்கு வழி பண்ணச் சொல்லுங்க."

மேலாளர் விருந்தாளிகள் பக்கம் திரும்பி அவர்கள் மொழியில் சொன்னார்: திட்டம் தன் வாழ்க்கையையே மாற்றிவிட்டதாக இந்தப் பெண் சொல்கிறாள், உங்களுக்கு மனமார நன்றி சொல்கிறாள், இப்போதெல்லாம் அவள் குடும்பம் காய்கறியும் சாப்பிடுகிறதாம்.

கைதட்டினார்கள். ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

நான் முன்பு பன்னிரண்டு வருடம் ஓட்டல் வண்டியில் வெளிநாட்டுக்காரர்களை ஏற்றி இறக்கியவன். அந்த மொழி எனக்குத் தெரியும், லாரி நாட்களில் பேச்சுவாக்கில் அவளிடமும் சொல்லியிருக்கிறேன். வண்டிக் கதவில் சாய்ந்துகொண்டு நின்றேன். அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"அண்ணே, கைதட்டுறாங்களே. நான் சொன்னதுக்கா?"

மேலாளர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"நினைச்சேன். நான் இவ்வளவு பேசினேன், அவரு ரெண்டு வரியில முடிச்சுட்டாரே. நீங்க போய்ச் சரியா சொல்லுங்க."

"எனக்கு வண்டி ஓட்டறதுதாம்மா வேலை."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். புழு துளைத்த தண்டைச் செடியோடு வைப்பதா பிடுங்கி எரிப்பதா என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை. "சரி. வண்டிகிட்டயே நில்லுங்க" என்றாள்.

அதற்குள் மேலாளர் வண்டியின் முன்பக்க மூடியில் வரைபடத்தை விரித்துப் புள்ளிகளைக் காட்டிக்கொண்டிருந்தார். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் குனிந்தாள்.

"பச்சையா இருக்கே, இதெல்லாம் என்ன?"

"வெட்டிப் புதுப்பிச்ச தோட்டம்மா" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி விருந்தாளிகள் பக்கம் திரும்பிவிட்டார். அவளுக்குப் பதில் சொல்வதில் அவருக்கு ஆபத்து எதுவும் தெரியவில்லை. ஆள் என்று நினைத்தால்தானே ஆபத்து.

அவள் சாலைத் திருப்பத்தை விரலால் தேடிப் பிடித்தாள். தன் புள்ளியைப் பார்த்தாள். அதற்கு அடுத்த புள்ளியைப் பார்த்தாள். விருந்தாளிகளில் நரைத்த தலைமுடியோடு ஒரு அம்மாள் இருந்தார், மண் ஒட்டிய பழைய ஷூ, அதிகம் பேசாதவர். மொட்டைக்காரி அந்த அம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தாள். அடுத்த புள்ளியின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். பிறகு வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நடந்தாள், அந்த அம்மாளையும் இழுத்துக்கொண்டு. லேசாகத் தூறல். மேலாளர் என்னைக் குடையோடு பின்னால் போகச் சொல்லிவிட்டுத் தானும் ஷூ உறையை மாட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

அடுத்த புள்ளி கொழுந்தனுடைய தோட்டம். நாற்பது வயதுச் செடிகள், துணி கிழிந்த குடையைப் போல உச்சியில் மட்டும் கொஞ்சம் இலை. நரைத்த அம்மாள் மண்டியிட்டு ஒரு தண்டைத் தடவிப் பார்த்தார். பாசிதான் இருந்தது, வெட்டின தழும்பு இல்லை. பக்கத்துச் செடியைப் பார்த்தார், அதற்குப் பக்கத்ததையும். மேலாளர் மூச்சிரைக்க, இது அடுத்த பருவத்துக்குக் குறித்து வைத்தது என்றார். மொட்டைக்காரி வரைபடத்தில் மூன்றாவது புள்ளியைக் காட்டி மறுபடி நடந்தாள். அங்கேயும் அதே கதை, அதே பதில். நாலாவது புள்ளியில் ஆட்டுக் கொட்டில்தான் இருந்தது.

அந்த அம்மாள் நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டார்: "நாங்கள் பேசுவது உனக்குப் புரிகிறது, இல்லையா? குடை பிடித்துக்கொண்டு எங்கள் பேச்சைக் கேட்டபோதே தெரிந்தது. இந்தப் பெண் தோட்டத்தில் உண்மையில் என்ன சொன்னாள்?"

எனக்குத் துணிவு வந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். மேலாளர் பக்கத்திலேயே நின்றார். ஆனால் கேள்வி நேராக என் முகத்துக்கு வந்தது, பொய் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. ஒன்று விடாமல் சொன்னேன். செத்த விதையையும் சொன்னேன். மேலாளரின் காது சிவந்தது.

அந்த அம்மாள் அவளுக்கு இப்போது என்ன வேண்டும் என்று கேட்கச் சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். என்னோடது முடிஞ்சுபோச்சு" என்றாள் அவள். "வெட்டப் பயப்படறவங்க இருக்காங்க. அவங்க சோம்பேறிங்கதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா பசிக்குப் பயப்படறதுல தப்பில்லை. மூணுல ஒரு பங்கை வெட்டினவங்களுக்கு முளைக்கிற விதையும், ரெண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் கூலியும் கொடுக்கச் சொல்லுங்க. அதுவும் வெட்டினதைத் தோட்டத்துக்கு வந்து பார்த்துட்டு."

அந்த அம்மாள் எழுதிக்கொண்டார். மற்ற ஐந்து பேரும் வண்டியருகே நின்று காப்பிப் பூவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது காப்பிப் பூ இல்லை, வேலியில் இருந்த வேறு ஏதோ.

நியாயம் உடனே நடந்துவிட்டது என்று சொன்னால் நான் மேலாளராகத்தான் இருக்க வேண்டும். அறிக்கையில் "சில இடங்களில் தாமதம்" என்று ஒரு வரி வந்தது. எண்ணூற்று நாற்பது முந்நூற்றுப் பத்தாகக் குறைந்தது, அதுவும் பொய்தான். ஆள் குறைப்பு என்று இரண்டு மாதத்தில் என்னை அனுப்பினார்கள், குறைந்த ஆள் நான் ஒருவன் மட்டும். மேலாளர் அடுத்த வருடம் மீன் வளர்ப்போருக்கான திட்டத்துக்குத் தலைவராகப் போனார். இதைவிடப் பெரிய வண்டி என்று கேள்வி.

ஆனால் அந்த அம்மாள் எழுதிக்கொண்டது வீண் போகவில்லை. மறு வருடம் வெட்டினவர்களுக்கு விதையும் இரண்டு வருடக் கூலியும் வந்தன. புதிதாக வந்த மேலாளர் தோட்டத்துக்குள் இறங்கித் தண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார். அவரிடமும் குறை கண்டுபிடிக்க ஆசைதான், இன்னும் அகப்படவில்லை. இப்போது அறுபத்து மூன்று தோட்டம் வெட்டப்பட்டிருக்கிறது. அத்தனை பேரின் சிவந்த பழமும் தனியாகத் தோலுரிக்கப்பட்டுத் தனிச் சாக்கில் டவுனுக்குப் போகிறது. அந்த லாரியை நான்தான் ஓட்டுகிறேன்.

கொழுந்தன் அறுபத்து மூன்றாவது ஆள். ஒரு நாள் முற்றத்தில் வந்து நின்றார். "அண்ணி, நம்ம தோட்டத்தையும் ஒரு நாள் வந்து..." என்று இழுத்தார்.

"ஒரு நாள் வர்றேன். நீங்க ஒரு நாள் என் செடிக்கு அடியில இலை அள்ளிப் போடணும்."

"குடும்பத்துக்குள்ளயுமா அண்ணி கூலி?"

"குடும்பத்துக்குள்ளதானே முதல்ல சிரிச்சீங்க."

மூன்று பேனாவையும் சட்டையோடு கழற்றி வைத்துவிட்டு அவர் ஒரு நாள் முழுக்க இலை அள்ளினார். அவள் ஜன்னலிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அவளுக்கு இப்போது ஐம்பது வயது. புருஷன் பணிமனையை விட்டு வந்து தோட்டத்தில் இருக்கிறார், வாய் திறப்பது இப்போதும் குறைவுதான். மொட்டைக்காரி என்ற பெயர் போகவில்லை. ஆனால் இப்போது அந்தப் பெயரைச் சொல்லித்தான் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். என்னிடம் அவள் நன்றாகத்தான் பேசுவாள், அன்று நான் வண்டியருகே நின்றதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

போன வாரம் மேட்டுத் தெருவில் ஒருவர் தோட்டத்துக்கு அவளை ஏற்றிக்கொண்டு போனேன். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், அவர் அப்பா நட்ட செடிகள். அவள் முதல் செடியில் வாளை வைத்ததுமே அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"அழறதுன்னா அந்தப் பக்கம் போய் அழுங்க. மரத்தூள் கண்ணுல விழுது" என்றாள் அவள், நிமிராமல்.

அவர் நகர்ந்து வேலியோரம் போய் நின்றார். அவள் சரிவாக அறுத்து முடித்து, பசைச் சட்டியை இழுத்து வைத்துக்கொண்டு, தூரிகையை முக்கி, வெட்டின இடத்தில் தடவினாள். ஓரம் விட்டுப்போன இடத்தில் விரலாலேயே ஒற்றினாள். பிறகு எழுந்து அடுத்த செடிக்குப் போனாள்.